பேணியா, பீங்கானா?

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பெரிய பேணி இருக்கிறது. கட்டாரில் தொழில் செய்யும் என் மாமா, சென்ற வருட நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. அதன் மேல் கைகளை முறுக்கிக் காட்டும் ஓர் இளைஞனின் படம். படத்துக்குக் கீழே லியூசின், ஐசோலியூசின், வலீன், லைசின் என்று அமினோ அமிலங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பேணி வந்தது அந்த இளைஞனைப் போன்ற ஒருவருக்கு அல்ல. எழுபத்து நான்கு வயதான என் உம்மும்மாவுக்கு.

அதற்குக் காரணம் அந்த நோன்பு மாதத்தின் முதல் வாரத்தில் நடந்த ஒரு சம்பவம். இஷாத் தொழுதுகொண்டிருந்த உம்மும்மா ஸுஜூதிலிருந்து எழும்பவில்லை. முதலில் நீண்ட துஆ கேட்கிறார் என்றுதான் நினைத்தோம். நேரம் போகப் போக உம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பிடித்தோம். அவருக்கு மயக்கமும் இல்லை, நெஞ்சு வலியும் இல்லை. "எனக்கு ஒண்டுமில்ல மகள், கால்தான் எழும்ப ஏலா எண்டுது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுத்த நாள் முதல் கதிரையில் அமர்ந்து தொழத் தொடங்கினார். இரண்டு கிழமைகளில் வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் முப்பத்திரண்டு படிகளிலும் இறங்குவதை நிறுத்திக்கொண்டார். கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடுகள் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். படி இறங்க முடியாதவருக்கு உலகம் நான்கு சுவர்தான்.

உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் என்பதால், "இதுல என்ன எழுதியிரிக்கு எண்டு பாத்துச் சொல்லுங்க" என்று உம்மா அந்தப் பேணியை என் கையில் தந்தார். அன்று தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை. இதில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: எமது முதியவர்களுக்கு, அதிலும் குறிப்பாக வயது போன பெண்களுக்கு, நாம் பீங்கானில் வைக்க மறந்ததைப் பேணியில் வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறோம்.

முதலில், வயது போகும்போது தசைக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முப்பது வயதைத் தாண்டியதும் மனிதனின் தசைத் திணிவு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு இந்த வேகம் கூடுகிறது. தசையின் அளவை விட அதன் பலம் இன்னும் விரைவாகக் குறைகிறது. 1989 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பேர்க் இந்த நிலைக்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். சதை என்பதற்கும் குறைபாடு என்பதற்குமான இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உருவாக்கிய பெயர் அது. பெயர் இல்லாத ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. அதுவரை அது வெறும் 'வயசு' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தது. எமது வீடுகளில் இன்றும் அப்படித்தான் அடங்கியிருக்கிறது. சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் கிளினிக் கொப்பி இருக்கிறது. கால் பலம் போவதற்கு எந்தக் கொப்பியும் இல்லை.

இத்தனைக்கும் இதைக் கண்டறிய விலை கூடிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஆசிய நாடுகளைச் சேர்ந்த நிபுணர் குழுவொன்று 2019 ஆம் ஆண்டில் எம்மைப் போன்ற ஆசியர்களுக்கென அளவுகோல்களை வெளியிட்டது. கைப்பிடியின் பலம் ஆண்களில் 28 கிலோகிராமுக்கும் பெண்களில் 18 கிலோகிராமுக்கும் குறைவாக இருந்தால் கவனிக்க வேண்டும். கைப்பிடியை அளக்கும் கருவி இல்லாவிட்டால், ஒரு கதிரையும் ஒரு கடிகாரமும் போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். அதற்கு 12 செக்கன்களோ அதற்கு மேலோ எடுத்தால் அது ஓர் எச்சரிக்கை. நான் உம்மும்மாவைச் செய்துபார்க்கச் சொன்னேன். கையை ஊன்றாமல் ஒரு தடவைகூட அவரால் எழும்ப முடியவில்லை.

எமது நாட்டிலும் இதைப் பற்றி ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். காலியிலுள்ள ருகுணுப் பல்கலைக்கழக மருத்துவ பீட ஆய்வாளர்கள், மாதவிடாய் நின்ற பெண்களிடையே தசையிழப்பு எப்படி இருக்கிறது என்பது பற்றி ஆய்வுகள் செய்து வெளியிட்டுள்ளனர். பெண்களுக்கு இது தனியாகக் கவனிக்க வேண்டிய விடயம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இனிப் பேணிக்குள் இருப்பதைப் பார்ப்போம். நாம் உயிரியல் பாடத்தில் படித்ததுதான். எமது உடலின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் கட்டப்பட்டவை. அவற்றில் 9 வகைகளை உடலால் ஆக்கிக்கொள்ள முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். இவையே இன்றியமையாத அமினோ அமிலங்கள். இந்த ஒன்பதில் லியூசினுக்குத் தனியான ஒரு வேலை உண்டு. அது கட்டடத்தின் செங்கல் மட்டுமல்ல, "வேலையைத் தொடங்குங்கள்" என்று தசைக் கலங்களுக்குச் சொல்லும் மேஸ்திரியும் அதுதான். 1820 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் ஹென்றி பிரக்கோனோ இந்த லியூசினைத் தசையிலிருந்தே பிரித்தெடுத்தார் என்பது பொருத்தமான ஒரு விடயம்.

இளைஞர் ஒருவரின் தசை, கொஞ்சம் புரதம் கிடைத்தாலும் அந்தக் கட்டளையைக் கேட்டு வேலையைத் தொடங்கிவிடும். முதியவரின் தசைக்குக் காது கொஞ்சம் மந்தம். அதே வேலை நடக்க அதற்குக் கூடுதலான லியூசின் தேவைப்படுகிறது. எனவே, லியூசின் கூடிய மாவை முதியவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் முட்டாள்தனமானதல்ல. விஞ்ஞானிகளே அப்படித்தான் யோசித்தார்கள். யோசித்ததோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள். எமது வீடுகளில் முதல் பாதிதான் நடக்கிறது.

அந்தச் சோதனைகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, நெதர்லாந்தில் நடந்து 2009 இல் வெளியானது. எழுபது வயதை ஒட்டிய ஆரோக்கியமான ஆண்களுக்கு மூன்று மாதங்கள் நாளொன்றுக்கு 7.5 கிராம் லியூசின் சாப்பாட்டோடு கொடுத்தார்கள். மற்றொரு பகுதியினருக்கு லியூசின் இல்லாத போலி மாத்திரை. மூன்று மாத முடிவில் இரு பகுதியினருக்கும் தசையிலோ பலத்திலோ வித்தியாசம் இருக்கவில்லை. ஏற்கனவே போதுமான புரதம் உண்பவருக்கு லியூசினை மட்டும் கூட்டுவதால் பலன் இல்லை என்பது தெரிந்தது.

இரண்டாவது, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் நடந்து 1994 இல் வெளியானது. பலவீனமான 100 முதியவர்கள் பங்கேற்றனர். அவர்களின் சராசரி வயது 87. ஒரு பகுதியினர் பத்து வாரங்கள் கால் தசைகளுக்குப் பாரம் கொடுக்கும் பயிற்சி செய்தனர். ஒரு பகுதியினருக்குப் போசாக்குப் பானம் மட்டும். ஒரு பகுதியினருக்கு இரண்டும். இன்னொரு பகுதியினருக்கு இரண்டும் இல்லை. பயிற்சி செய்தவர்களின் தசைப் பலம் சராசரியாக 113 சதவீதம் கூடியது. அதாவது இரு மடங்குக்கும் மேல். செய்யாதவர்களுக்கு அது வெறும் 3 சதவீதம். பானத்தை மட்டும் குடித்தவர்களுக்கு அதனால் பலம் கூடவில்லை. எண்பத்தேழு வயதிலும் தசை கற்றுக்கொள்ளும் என்பதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. ஏனென்றால் என் உம்மும்மாவுக்கு எழுபத்து நான்குதான்.

மூன்றாவது, ஜப்பானில் நடந்து 2012 இல் வெளியானது. தசையிழப்புள்ள, 75 வயதும் அதற்கு மேலும் ஆன 155 பெண்களிடம் செய்யப்பட்டது. இதில் அமினோ அமிலத்தையும் பயிற்சியையும் ஒன்றாகப் பெற்ற பெண்களுக்கே முழங்காலை நீட்டும் பலம் கூடியது. மாவை மட்டும் பெற்றவர்களுக்கு அது கூடவில்லை.

ஆகவே, அமினோ அமில மா வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அது துணை, தலைவன் அல்ல என்றுதான் சொல்கிறேன். செங்கல்லையும் சீமெந்தையும் வாசலில் கொட்டிவிட்டு, மேசனைக் கூப்பிடாமல் இருந்தால் சுவர் எழும்புமா? தசையைப் பொறுத்தவரை மேசன் என்பது வேலை. பாரம் தூக்கும், எழும்பி அமரும், படியேறும் வேலை.

இங்கேதான் எமது அன்பே எமக்கு எதிராக நிற்கிறது. உம்மும்மா ஒரு காலத்தில் உரலில் மா இடித்தவர். அம்மியில் அரைத்தவர். கிணற்றிலிருந்து குடத்தைத் தூக்கி வந்தவர். அவர் தேங்காய் துருவ அமர்ந்தால் "இரிங்க உம்மும்மா, நான் செய்றேன்" என்று ஓடிப்போய் வாங்குவது நான்தான். தண்ணீர் எடுக்க எழும்பினால் "நீங்க ஏன் எழும்புறீங்க?" என்பது தம்பி. கடைக்குப் போக வேண்டாம் என்பது வாப்பா. எல்லாம் மரியாதைதான். ஆனால் இப்படி ஒவ்வொன்றாக வாங்கி வாங்கி, கடைசியில் அவருடைய கால்களுக்கு ஒரு வேலையும் இல்லாமல் செய்துவிட்டோம். 2007 இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் பத்து நாட்கள் மட்டும் படுக்கையில் இருந்தபோது அவர்களின் கால்களிலிருந்து ஒரு கிலோகிராமுக்குக் கிட்டத்தட்ட தசை குறைந்திருந்தது. பத்தே நாட்கள். நாம் வருடக்கணக்காக "இரிங்க, இரிங்க" என்கிறோம்.

தொழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். அது இபாதத். உடற்பயிற்சி என்று அதைச் சுருக்குவது என் நோக்கம் அல்ல. ஆயினும் கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஐந்து வேளையிலும் பர்ளான ரக்அத்துகள் பதினேழு. அவற்றில் தரையிலிருந்து நிலைக்கு எழும்பும் சந்தர்ப்பங்களை எண்ணினால் ஸுப்ஹில் ஒன்று, லுஹரில் மூன்று, அஸரில் மூன்று, மஃரிபில் இரண்டு, இஷாவில் மூன்று. ஆகப் பன்னிரண்டு. சுன்னத்துகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். அதாவது கதிரைக்கு மாறிய அன்று, உம்மும்மாவின் கால்கள் ஒரு நாளில் குறைந்தது பன்னிரண்டு எழும்புதல்களை இழந்தன. முடியாதவர் அமர்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அதில் வெட்கம் எதுவும் இல்லை. முழங்கால் வலியோடும் விழும் பயத்தோடும் யாரையும் தரையில் அமரச் சொல்லக் கூடாது. என் கேள்வி வேறு. ஒருவர் கதிரைக்கு மாறும் நாளில், "ஏன் முடியாமல் போனது, இதற்கு ஏதும் செய்யலாமா?" என்று ஒரு வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ நாம் கேட்கிறோமா? எங்கள் வீட்டில் நாங்கள் கேட்கவில்லை. கதிரை வாங்கினோம். பிறகு பேணி வாங்கினோம்.

இப்போது பீங்கானுக்கு வருகிறேன். இதை எழுதுவதற்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வளர்ந்த ஒருவருக்கு அவருடைய எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து 2007 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. முதியவர்களுக்கு அது போதாது, 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013 இல் முதியோர் போசாக்கு நிபுணர்கள் பரிந்துரைத்தனர். உம்மும்மாவின் எடை 50 கிலோகிராம். ஆகவே அவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. ஒரு கிழமை அவர் சாப்பிடுவதைக் குறித்துக்கொண்டேன். காலையில் இரண்டு துண்டு பாண், பிளேன்டீ. பகலில் கொஞ்சம் சோறு, மரக்கறி, இரண்டு கரண்டி பருப்பு, சிறிய மீன் துண்டு ஒன்று. இரவில் மூன்று இடியப்பம், சம்பல். கூட்டிப் பார்த்தால் சுமார் 23 கிராம். தேவையில் பாதிகூட இல்லை.

எங்கள் வீட்டில் மீனுக்குப் பஞ்சம் இல்லை. பிறகு ஏன் சிறிய துண்டு? ஏனென்றால் முதலில் வாப்பாவுக்கும் தம்பிக்கும் பரிமாறப்படும். பிறகு எங்களுக்கு. உம்மாவும் உம்மும்மாவும் கடைசியாக அமர்வார்கள். நடுத்துண்டு போய்விடும். தலையும் வாலும் குழம்பும் மிஞ்சும். "எனக்கு ஆணமே போதும்" என்பார் உம்மும்மா. அவர் ஐம்பது வருடங்களாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார். அது அவருடைய விருப்பம் என்றே நாங்களும் நம்பி வந்திருக்கிறோம். யாரும் அவருக்குக் கொடுக்க மறுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பலருடைய வீடுகளிலும் இப்படித்தான் என்பது, வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது தெரிந்தது. தோழியர் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மூத்தம்மாவின் பீங்கானை நினைத்துப் பார்த்துச் சற்று நேரம் மௌனமாக இருந்தார்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பேணியின் விலை எமது காசில் பதினெட்டாயிரம் ரூபா அளவில் வரும் என்று மாமா சொன்னார். ஒரு முட்டை 40 ரூபா என்று வைத்துக்கொண்டால் அந்தக் காசுக்கு 450 முட்டைகள் வாங்கலாம். நாளுக்கு ஒன்று என்றால் ஒரு வருடத்துக்கும் மேல் வரும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒன்பது இன்றியமையாத அமினோ அமிலங்களும் அதில் உண்டு. மைசூர்ப் பருப்பில் 100 கிராமுக்கு 24 கிராம் அளவில் புரதம். உலர்ந்த சோயா மீட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 கிராம். சோற்றில் குறையும் லைசின் பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறையும் மெதியோனின் சோற்றில் இருக்கிறது. பேணியின் மேல் அச்சடித்திருக்கும் அந்தப் பட்டியலை எமது மூத்தவர்கள் பெயர் தெரியாமலே சோறும் பருப்புமாகச் சமைத்து வந்திருக்கிறார்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் முட்டையும் பால்மாவும் குறைந்தன. குறைந்தபோது முதலில் விட்டுக்கொடுத்தவர் யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"பல் இல்லாதவர், பசி இல்லாதவர், சத்திர சிகிச்சை செய்தவர் எப்படி அவ்வளவு சாப்பிடுவார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானவர்களுக்கு மா உண்மையிலேயே உதவலாம். 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், தசையிழப்புள்ள 380 முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு லியூசினும் விற்றமின் டீயும் சேர்த்த பாற்புரதப் பானத்தை 13 வாரங்கள் கொடுத்தபோது, அவர்கள் கதிரையிலிருந்து எழும்பும் வேகம் கூடியது. ஆனால் கைப்பிடியின் பலத்தில் மற்றவர்களை விட முன்னேற்றம் இருக்கவில்லை. ஆகவே வழி அடைபட்டதல்ல. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியர். விமானத்தில் வரும் நண்பரோ, கடையில் நிற்பவரோ அல்ல.

இதில் ஒரு முக்கியமான ஆபத்தும் இருக்கிறது. உம்மும்மாவுக்குப் பதினைந்து வருடங்களாக நீரிழிவு. நீரிழிவு நாளடைவில் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்குப் புரதத்தைக் கூட்டுவதல்ல, குறைப்பதுதான் சில வேளைகளில் மருத்துவமாக இருக்கும். பேணி வந்து இரண்டு மாதங்கள் வரை எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தினமும் ஒரு கரண்டி கலந்து கொடுத்தோம். நகரிலுள்ள கடையொன்றில் நான் விசாரித்தபோதும், "வயசானவங்களுக்கும் நல்லம் தங்கச்சி" என்றார்களே தவிர, சிறுநீரகம் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு விடயங்களையும் தோழியர் கவனிக்க வேண்டும். மாத்திரைக் கூடுகள் பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனவை. அந்த ஜெலட்டின் எந்தப் பிராணியுடையது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. மற்றது, இப்போது விளம்பரமாகும் கொலாஜன் மாவில் இன்றியமையாத அமினோ அமிலமான திரிப்தோபான் இல்லை, லியூசினும் குறைவு. அதைத் தசைக்காக வாங்குவது காசுக்கு நட்டம்.

இது எங்கள் வீட்டு விடயம் மட்டுமல்ல. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே எமது நாட்டு மக்களில் 12.4 சதவீதமானோர் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அந்த விகிதம் கூடிக்கொண்டே போகிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் 1973 முதல் திரிபோஷ கொடுக்கத் தெரிந்த நாடு இது. சோளமும் சோயாவும் கலந்த அந்த மா எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியது! குழந்தையின் எடையை மாதந்தோறும் அளந்து அட்டையில் குறிக்கிறோம். அதுபோல, முதியவர்கள் மாதந்தோறும் வரும் கிளினிக்கில் ஒரு கதிரையும் ஒரு கடிகாரமும் வைத்து, எழும்பும் நேரத்தைக் குறிக்க முடியாதா? முதியோர் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தன் காலில் எழும்பி நிற்பதை விடப் பெரிய உரிமை என்ன இருக்கிறது? கிளினிக் தொடங்கும் வரை நாம் காத்திருக்கவும் தேவையில்லை. எமது கல்லூரியின் விஞ்ஞான மன்றம் பெற்றோர் தினத்தில் ஒரு மூலையில் இந்தக் கதிரைப் பரிசோதனையைச் செய்து காட்டலாம். எமது மஹல்லாப் பள்ளிவாசல்கள், கதிரை வரிசை நீளும்போது ஒரு நாளைக்கு ஓர் இயன்மருத்துவரை அழைத்துப் பேசச் சொல்லலாம். பெண்களுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.

கடைசியாக, உம்மும்மாவுக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் முடித்தால் நீங்கள் கோபிப்பீர்கள். பேணியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போனோம். அவர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், சிறுநீரகம் நன்றாக இருந்தது. "சாப்பாட்டைச் சரி செய்யுங்கள், பயிற்சி செய்யுங்கள். இவற்றைச் செய்தால் இந்த மா அவசியப்படாது" என்றார். இயன்மருத்துவர் மூன்று பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பி அமர்வது அதில் முதலாவது. இப்போது காலையில் ஒரு முட்டை, பத்து மணிக்குப் பால், பகலில் கெட்டியாகப் பருப்பும் நடுத்துண்டு மீனும், பின்னேரம் அவித்த கடலை, இரவில் இடியப்பத்தோடு கொஞ்சம் நெத்தலி. முதல் நாள் நடுத்துண்டை அவருடைய பீங்கானில் வைத்தபோது அவர் அதை எடுத்துத் தம்பியின் பீங்கானில் வைத்தார். தம்பி திருப்பி வைத்தான். இப்படி ஒரு கிழமை போனது. பிறகு பழகிவிட்டார்.

நான்கு மாதங்கள் ஆகின்றன. உம்மும்மா இப்போது கையை ஊன்றாமல் ஐந்து முறை எழும்பி அமர்கிறார். 19 செக்கன் எடுக்கிறது. 12 க்கு இன்னும் தூரம் இருக்கிறது. தொழுகை இன்னும் கதிரையில்தான். ஆனால் சென்ற கிழமை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முப்பத்திரண்டு படிகளிலும் இறங்கி, பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குப் போய் வந்தார். தேங்காய் துருவும் வேலையை நான் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பேணி அரைவாசியோடு மேல்தட்டில் இருக்கிறது.

இப்போது என் கண் இன்னொரு பீங்கானுக்குப் போகிறது. உம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக அமர்ந்து, "எனக்கு ஆணமே போதும்" என்று சொல்ல அவரும் பழகி வருகிறார். தசை குறையத் தொடங்குவது எழுபதில் அல்ல, முப்பதில் என்று படித்தவள் நான். இனியும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு முடியாது.

இதை வாசிக்கும் தோழியரே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இன்றிரவு சாப்பிட அமரும்போது, உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவரின் பீங்கானை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். நடுத்துண்டு யாருக்குப் போனது என்றும் பாருங்கள். மாற்ற வேண்டியது எது என்று அதன் பிறகு உங்களுக்கே தெரியும்.